அமெரிக்காவின் தொடக்ககால வரலாற்றை ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வர்ஜீனியாவில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களை ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், மவுண்ட் வெர்னன் என்று காரில் கூட்டிக்கொண்டு சுற்றலாம். வழி நெடுகக் கேள்விகள் வரும். பிள்ளைகளின் பள்ளிப்பாடத்தைப் பார்த்துக் குழம்பும் தமிழ்ப் பெற்றோரும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் பேராசிரியர் இல்லை, இந்தக் காலகட்டத்தைப் பற்றி விடாமல் படிக்கிறவன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

முதல்ல இதைச் சொல்லுங்க, “தொடக்ககால அமெரிக்கா”ன்னா எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும்?

பழைய பாடப்புத்தகக் கணக்கில், 1607-இல் ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறியதில் தொடங்கும். 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியல் சட்டம் என்று போய் 1815, 1820 வாக்கில் முடியும். இடம் என்று பார்த்தால் அட்லாண்டிக் கரையோரத்தில் இருந்த 13 ஆங்கிலக் குடியேற்றங்கள் மட்டும்.

இப்போது காலம், இடம் இரண்டுமே விரிந்துவிட்டன. ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்ற ஊரை ஸ்பானியர் 1565-லேயே அமைத்துவிட்டார்கள். நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே 1610-ஐச் சேர்ந்தது. இன்றைய நியூயார்க் டச்சுக்காரர் கையில் இருந்தது. இவர்கள் எவரும் வருவதற்கு முன்பே, 1100 வாக்கில், இன்றைய செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில் கஹோக்கியா என்ற பூர்வகுடி நகரத்தில் பல ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள ஒமஹண்ட்ரோ ஆய்வு நிறுவனம் இதையெல்லாம் சேர்த்துப் ‘பரந்த தொடக்ககால அமெரிக்கா’ என்று சொல்கிறது. இந்தக் கால ஆய்வுகளுக்கு முதன்மையான இதழை நடத்துவதும் அந்த நிறுவனம்தான்.

நடந்தது நடந்ததுதானே சார்? அதை எப்படி மறுபடி மறுபடி மாத்தி எழுத முடியும்?

நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் நடந்ததில் நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஜேம்ஸ்டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1607-இல் கட்டிய கோட்டையை ஜேம்ஸ் நதி அரித்துக்கொண்டு போய்விட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1994-இல் வில்லியம் கெல்சோ தலைமையில் தோண்டத் தொடங்கியபோது, கோட்டையின் மரவேலி நட்ட தடம் மண்ணில் கருநிறக் கோடாகத் தெரிந்தது. கோட்டை பெரும்பாலும் கரையிலேயே இருந்தது. ஒரு மூலைதான் ஆற்றோடு போயிருந்தது.

1609-10 குளிர்காலத்தில் அங்கே கொடும் பஞ்சம். ஏறக்குறைய 300 பேரில் 60 பேர் அளவில்தான் பிழைத்தார்கள். பிணங்களைத் தின்றார்கள் என்று அப்போது அங்கே தலைவராக இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதியிருந்தார். குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் பெயரைக் கெடுக்க யாரோ கிளப்பிய கதையாக இருக்கலாம் என்று பலர் அதை ஒதுக்கினார்கள். 2012-இல் ஒரு நிலவறையை நிரப்பியிருந்த குப்பைக்குள் 14 வயதுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு கிடைத்தது. நெற்றியில் தயங்கித் தயங்கி வெட்டிய நாலு கீறல்கள், பின்மண்டையில் அழுத்தமான வெட்டுகள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் எலும்பியல் நிபுணர்கள் பரிசோதித்து 2013-இல் உறுதி செய்தார்கள். பெர்சி சொன்னது பொய்யில்லை.

பஞ்சத்துக்குக் காரணமாகக் குடியேறிகளின் சோம்பேறித்தனத்தைத்தான் அதுவரை சொல்லிவந்தார்கள். 1998-இல் அந்தப் பகுதியின் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, 1606 முதல் 1612 வரையிலான ஏழு ஆண்டுகள் 770 ஆண்டுகளில் காணாத வறட்சி என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த பௌஹாட்டன் பூர்வகுடி மக்களுக்கே சோளம் போதாத காலத்தில், அவர்களிடம் சோளம் கேட்டு மிரட்டியிருக்கிறார்கள் இவர்கள். சண்டைகளுக்கான காரணமே இப்போது வேறு மாதிரி தெரிகிறது.

தோண்டினா எலும்பு கிடைக்கும், சரி. காகிதத்துல இருக்கறதை எப்பவோ படிச்சு முடிச்சிருப்பாங்களே?

படித்தது பெரும்பாலும் ஆங்கிலக் காகிதங்களை. 1619 ஆகஸ்ட் கடைசியில் வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டுக்கு ஒரு கப்பல் ‘இருபது சொச்சம்’ ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தது என்று ஜான் ரால்ஃப் எழுதிய கடிதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பது கடிதத்தில் இல்லை. 1990-களில் ஸ்பானியப் பேரரசின் கணக்கேடுகளைப் பார்த்தபோதுதான் பதில் கிடைத்தது. அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து மெக்சிகோவின் வெராக்ரூஸுக்குப் போன போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றை நடுக்கடலில் ஆங்கிலேயக் கொள்ளையர் மறித்துப் பிடுங்கிக்கொண்டவர்கள் அவர்கள். டச்சு ஆட்சிக்கால நியூயார்க்கின் ஆவணங்கள் ஆல்பனியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை முழுமையாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் இப்போதைய திட்டம் 1974-இல்தான் தொடங்கியது.

கருவிகளும் மாறியிருக்கின்றன. சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில் ஓரிடத்தில் ஜெஃபர்சன் எதையோ எழுதி, மை காய்வதற்குள் தேய்த்து, மேலே ‘குடிமக்கள்’ என்று எழுதியிருந்தார். அடியில் இருந்தது என்ன? 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பல அலைநீள ஒளியில் அதைப் படமெடுத்தது. ‘பிரஜைகள்’ என்ற பொருளில், மன்னருக்கு அடங்கியவர்களைக் குறிக்கும் சொல் அடியில் தெரிந்தது. அந்த வாக்கியம் கடைசிப் பிரதியில் இடம்பெறவில்லை என்பது வேறு விஷயம்.

புதுக் காகிதம் இல்லாம, அதே பழைய காகிதத்தையே திரும்பப் படிச்சா என்ன தெரிஞ்சிடும் மாமா?

என்னைக் கேட்டால் பெரிய மாற்றங்கள் இதிலிருந்துதான் வந்தன. 1796 மே மாதம் பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. ‘அமெரிக்க ஜனாதிபதியின் வீட்டிலிருந்து ஓடிப்போனாள், ஓனி ஜட்ஜ்’ என்று தொடங்கும். வயது 20 இருக்கலாம், முகத்தில் நிறையப் புள்ளிகள், கருகரு விழிகள், அடர்ந்த கருங்கூந்தல், நல்ல துணிமணிகள் பல வைத்திருக்கிறாள், பிடித்துத் தருவோருக்கு 10 டாலர். ஓடிப்போவாள் என்று சந்தேகமே வரவில்லை, அதற்கு முகாந்திரமும் இல்லை, அதனால் எங்கே போயிருப்பாள் என்று ஊகிக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறது. அந்த ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்.

வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களுக்கு இது ஒரு சில்லறைத் தகவலாகவே இருந்தது. ஓனாவை (விளம்பரத்தின் ஓனி ஜட்ஜ் இவர்தான்) மையமாக வைத்து வாசித்தால் ஒவ்வொரு வரியும் வேறு எதையோ சொல்கிறது. எஜமானுக்குச் சந்தேகம் வரவில்லை என்றால் அவள் அவ்வளவு கவனமாகத் திட்டமிட்டிருக்கிறாள். துணிமணி நிறைய என்றால் அடிமைப் பெண்ணாகத் தெரியாமல் உடுத்திக்கொண்டு போக வழியிருக்கிறது. முகாந்திரம் இல்லை என்பது எஜமானின் பார்வை. மார்த்தா வாஷிங்டனின் பேத்திக்குத் தன்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று ஓனாவுக்குத் தெரிந்திருந்தது. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே குடிவந்தவர் தன்னோடு கொண்டுவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் அடிமை விடுதலை கேட்கலாம். அதைத் தவிர்க்க, ஆறு மாதம் முடிவதற்குள் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வது வாஷிங்டனின் வழக்கம். அந்த அடிமைகளும் பொதுமக்களும் அறியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்யும்படி 1791-இல் தம் செயலாளருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது.

ஓனா நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்துக்குக் கப்பலில் தப்பிப்போனார். 1840-களில் இரண்டு பத்திரிகைகளுக்குப் பேட்டியும் கொடுத்தார். வாஷிங்டன் குடும்பத்தார் வர்ஜீனியா போக மூட்டை கட்டும்போது தானும் மூட்டை கட்டியதாகவும், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். தன்னை ஏற்றிச்சென்ற கப்பல் தலைவனுக்குத் தண்டனை வந்துவிடக்கூடாது என்று அவன் சாகும்வரை பெயரையே வெளியில் சொல்லவில்லையாம். விளம்பரம், கடிதம், சட்டம், பேட்டி எல்லாம் எப்போதும் இருந்தவைதான். யாரும் ஒன்றாக வைத்துப் படிக்கவில்லை.

மேய்ன் பகுதியின் மருத்துவச்சி மார்த்தா பல்லார்டின் நாட்குறிப்பும் அப்படித்தான். 1785 முதல் 1812 வரை, 27 ஆண்டுகள். வானிலை, நூற்ற நூல், விதைத்த பீன்ஸ், எந்த வீட்டில் பிரசவம், எவ்வளவு கூலி வந்தது என்று தினம் நாலைந்து வரி. அன்றாட அற்பங்கள் என்று முந்தைய ஆய்வாளர்கள் தள்ளிவைத்தார்கள். லாரல் தாட்சர் உல்ரிக் அந்த அற்பங்களையே வரிசைப்படுத்தி எண்ணினார். மார்த்தா பார்த்த பிரசவங்கள் 816. ஆண்களின் கணக்கேடுகளில் தடயமே இல்லாத, பெண்கள் தங்களுக்குள் நடத்திய ஒரு முழுக் கொடுக்கல் வாங்கல் அதிலிருந்து வெளிவந்தது. அந்த ஆய்வுக்கு 1991-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஓனாவாவது பேட்டி குடுத்தாங்க. ஒரு வரிகூட எழுதி வைக்காதவங்க வரலாற்றை எப்படி எழுதுவாங்க?

முதல் வழி உடல்கள். 1991-இல் நியூயார்க் பிராட்வேயில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கியின் குழு அவற்றை ஆராய்ந்தது. பெரும் சுமை தூக்கித் தூக்கித் தசை பிய்ந்த தழும்புகள் எலும்பில் இருந்தன. சிலருக்குப் பற்கள் அராவப்பட்டிருந்தன. அது ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்ததன் அடையாளம். ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி மணிச்சரம். பாதியை நெருங்கியவர்கள் குழந்தைகள். அடிமை முறை தெற்கத்திய விவகாரம் என்று நினைத்திருந்த நியூயார்க்கர்கள் பலருக்கு அது பெரிய அதிர்ச்சி. 2003-இல் எச்சங்களை அங்கேயே திரும்ப அடக்கம் செய்தார்கள்.

இரண்டாவது எண்ணிக்கை. கப்பல் பதிவுகளைச் சேர்த்த அடிமை வணிகத் தரவுத்தளத்தில் 36,000 பயணங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் ஏற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1.25 கோடி. அதில் வட அமெரிக்க நிலப்பகுதிக்கு நேரே வந்தவர்கள் 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலோர் பிரேசிலுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் போனார்கள். ஆனாலும் 1790 கணக்கெடுப்பிலேயே அமெரிக்காவில் கிட்டத்தட்ட 7 லட்சம் அடிமைகள். அவர்களில் மிகப்பலர் அமெரிக்க மண்ணிலேயே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அந்தப் பண்ணைக் குடும்பங்களைப் பற்றித் தனியாகக் கேட்டாக வேண்டும் என்று எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

அப்ப ‘தேங்க்ஸ்கிவிங்’ கதை பொய்யா? பிள்ளைங்க ஸ்கூல்ல இறகுத் தொப்பி வெச்சு நாடகமெல்லாம் போடறாங்களே?

1621 இலையுதிர் காலத்தில், இன்றைய மாசசூசெட்ஸில் ஆங்கிலேயர் குடியேறிய பிளிமத்தில், ஒரு விருந்து நடந்தது உண்மை. எட்வர்டு வின்ஸ்லோவின் கடிதத்தில் சில வரிகள் இருக்கின்றன. அறுவடை முடிந்தது, பறவை சுட்டார்கள், வாம்பனோவாக் பூர்வகுடிகளின் மன்னர் மசாசோயிட் 90 ஆட்களோடு வந்தார், மூன்று நாள் விருந்து, அவர்கள் ஐந்து மான் கொண்டுவந்தார்கள். அழைத்ததாக ஒரு சொல் இல்லை. அதையே ‘முதல் நன்றி நாள்’ என்று ஒருவர் அடிக்குறிப்பு எழுதியது 1841-இல். லிங்கன் தேசிய நன்றி நாளை அறிவித்தது 1863-இல்.

விருந்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்றுதான் இப்போது கேட்கிறார்கள். 1616-19 கொள்ளைநோயில் அந்தக் கரையோர ஊர்கள் பல காலியாகிவிட்டன. குடியேறிகளுக்கு உதவிய டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி, 1614-இல் ஆங்கிலேயர் ஒருவரால் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டவர். ஊர் திரும்பியபோது ஊரே இல்லை. அந்த ஊர் இருந்த இடத்தில்தான் பிளிமத் அமைந்தது. ஆள்பலம் குறைந்த வாம்பனோவாக் மக்கள், பக்கத்துப் பகையைச் சமாளிக்க ஆங்கிலேயரைத் துணை சேர்த்தார்கள். மசாசோயிட்டின் மகன் மெட்டாகாம் 1675-இல் அதே ஆங்கிலேயரோடு போர் தொடுத்தார். அவர் தலையை வெட்டிப் பிளிமத்தில் கம்பத்தில் பல ஆண்டுகள் நட்டு வைத்திருந்தார்கள்.

அந்த மக்கள் மொழி பேசும் ஆள் இல்லாமல் 19-ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. 1663-இல் அந்த மொழியில் அச்சான பைபிளையும், அவர்களே எழுதிவைத்த நிலப்பத்திரங்களையும் உயில்களையும் வைத்து 1993 முதல் மொழியை மீட்டெடுக்கிறார்கள். அதனால் அந்தப் பத்திரங்களை இப்போது வாம்பனோவாக்குகளே வாசிக்கிறார்கள்.

வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிட்டு உண்மையை ஒத்துக்கிட்டாரே, அதுவாவது நிஜமா? மரப் பல் கட்டியிருந்தாராமே?

செர்ரி மரம் கட்டுக்கதை. வாஷிங்டன் இறந்தபின் பார்சன் வீம்ஸ் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806 பதிப்பில்தான் முதலில் தலைகாட்டுகிறது.

பல்செட்டில் மரம் கிடையாது. தந்தம், ஈயம், மனிதப் பற்கள் கொண்டு செய்தது. 1784-ஆம் ஆண்டுப் பண்ணைக் கணக்கில், ஒரு பல் மருத்துவருக்காக ‘நீக்ரோக்களுக்கு 9 பற்களுக்கு’ 122 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அந்தப் பற்கள் வாஷிங்டன் வாயில்தான் போய்ச் சேர்ந்தனவா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஜெஃபர்சனுக்கு அடிமைப் பெண்கிட்ட குழந்தைங்க இருந்தது டிஎன்ஏ-ல நிரூபிச்சாச்சுன்றாங்க. அப்புறம் என்ன விவாதம்?

டிஎன்ஏ மட்டும் அதை நிரூபிக்கவில்லை. ஜெஃபர்சனுக்கு ஆண் வாரிசு வழி இல்லாததால், அவருடைய பெரியப்பா சித்தப்பா முறையில் வந்த ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண்வழியினரை எடுத்துச் சோதித்தார்கள். சாலி ஹெமிங்ஸின் கடைசி மகன் எஸ்டனின் வழியோடு அது பொருந்தியது. முடிவு 1998-இல் வந்தது. ஆக, எஸ்டனின் தந்தை ஏதோ ஒரு ஜெஃபர்சன். அக்காள் தங்கை மகன்களான கார் சகோதரர்கள்தான் காரணம் என்று குடும்பத்தார் சொல்லிவந்தது அடிபட்டுப் போனது.

நிலம் வாங்கும்போது பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றையும் ஒத்துப் பார்ப்போமே, அதுதான் இங்கும் நடந்தது. சாலியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் மான்டிசெல்லோ வீட்டில் இருந்தார் என்பது பயணக் குறிப்புகளில் தெரிகிறது. மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் பத்திரிகையில் தந்தை யார் என்று சொல்லியிருக்கிறார். வளர்ந்த நான்கு பிள்ளைகளும் விடுதலையானார்கள். அங்கே வேறெந்தக் குடும்பத்துக்கும் அது வாய்க்கவில்லை. அனெட் கார்டன்-ரீடு 1997-இல், டிஎன்ஏ முடிவு வருவதற்கு முன்பே, வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். மேடிசன் சொன்னதை ஆதாரம் இல்லை என்று தள்ளியவர்கள், வெள்ளைக்காரப் பேரப்பிள்ளைகள் சொன்னதை ஆதாரம் கேட்காமலே ஏற்றார்கள் என்றார். மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை 2000-இல் ஏற்றுக்கொண்டது. ஒப்பாதவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

1619-ஆ, 1776-ஆ? எதுதான் அமெரிக்காவோட பிறந்தநாள்? டிவில ஒரே சண்டையா இருக்கே?

1619-இல் என்ன நடந்தது என்று மேலே சொன்னேன். அதன் 400-ஆம் ஆண்டையொட்டி 2019-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ், நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸ் முன்னெடுத்த ஒரு தொகுப்பை வெளியிட்டது. நாட்டின் கதையை அடிமை முறையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்பது அதன் கோணம். குடியேறிகள் சுதந்திரம் கோரியதற்கு அடிமை முறையைக் காப்பாற்றுவது ஒரு முக்கியக் காரணம் என்ற வரிதான் பெரிய வழக்கானது. கார்டன் வுட், ஷான் விலென்ட்ஸ் உள்ளிட்ட ஐந்து வரலாற்றாசிரியர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். 2020 மார்ச்சில் அந்த வரியைக் ‘குடியேறிகளில் சிலர்’ என்று திருத்தினார்கள்.

வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், 1775 நவம்பரில், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அது தெற்கத்திய பண்ணையார்கள் பலரை ஆங்கிலேயருக்கு எதிராகத் திருப்பியது உண்மை. ஆனால் மாசசூசெட்ஸில் போர் அதற்கு ஏழு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. அதே புரட்சியின் அலையில்தான் வெர்மான்ட் 1777-லும் பென்சில்வேனியா 1780-லும் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் போட்டன. திருத்தப்பட்ட ‘சிலர்’ என்பது சரி என்றே நான் நினைக்கிறேன். பிறந்தநாள் எது என்பது வரலாற்றாசிரியர்கள் தீர்க்கிற விஷயமில்லை, அரசியல்வாதிகள் வைத்துக்கொள்ளட்டும்.

அப்ப ஆட்சிக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதறாங்கன்னுதானே அர்த்தம்?

எழுதுகிறவர்மீது அவர் காலத்தின் சாயல் விழும், மறுக்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பான்கிராஃப்டுக்கு அமெரிக்க வரலாறு கடவுள் நடத்திய சுதந்திர யாத்திரை. 1913-இல் முதலாளிகளுக்கு எதிரான காற்று வீசியபோது சார்லஸ் பியர்டு, அரசியல் சட்டத்தை எழுதியவர்களின் கடன்பத்திரங்களைத் துருவினார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் அடிப்படையில் ஒத்த கருத்துடையவர்கள் என்ற பேச்சு எழுந்தது. 1960-களின் சிவில் உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு பெண்கள், கறுப்பினத்தவர், கூலிகள், பூர்வகுடிகள் வந்தார்கள். ஆனால் புரட்சியில் கறுப்பினத்தவரின் பங்கு பற்றி பெஞ்சமின் குவார்ல்ஸ் 1961-லேயே விரிவாக எழுதிவிட்டார். பியர்டின் கணக்குகளில் பல தவறென்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். பணம் எங்கே நின்றது என்று கேட்கும் பழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை.

அரசாங்கம் நேரடியாக இறங்குவது வேறு கதை. டிரம்ப் அமைத்த 1776 ஆணையம் 2021 ஜனவரி 18-இல் அறிக்கை வெளியிட்டது. பைடன் 20-ஆம் தேதி பதவியேற்ற கையோடு ஆணையத்தைக் கலைத்தார். 2025 மார்ச்சில் டிரம்பிடமிருந்து மறுபடி ஓர் உத்தரவு வந்து, தேசிய வரலாற்றுத் தலங்களின் தகவல் பலகைகளையே பரிசீலிக்கச் சொன்னது. இரண்டு நாளில் வந்து போகும் அறிக்கையையும், இருபது ஆண்டு ஆவணம் புரட்டி எழுதுவதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அந்தக் காலத்து ஆளை இந்தக் கால அளவுகோலால அளக்கறது நியாயமா தம்பி? அப்ப எல்லாரும் அப்படித்தானே இருந்தாங்க?

‘எல்லாரும்’ என்பதில் அடிமைகள் உண்டா இல்லையா? ஓனா ஜட்ஜும் அந்தக் காலத்து ஆள்தான். எஜமானர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688-லேயே அடிமை வணிகத்தை எதிர்த்து மனு எழுதினார்கள். வர்ஜீனியாவின் பெரும் பண்ணையார் மூன்றாம் ராபர்ட் கார்ட்டர், 1791-இல் தம்மிடமிருந்த 450-க்கும் மேற்பட்டவர்களை விடுவிக்கப் பத்திரம் எழுதினார். ஜெஃபர்சனின் அதே வர்ஜீனியா, அதே வர்க்கம். ஜெஃபர்சனே 1776 வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தி எழுதினார். குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு அதை வெட்டிவிட்டது. ஆக, அவரை அவர் காலத்து அளவுகோலாலேயே அளக்கலாம்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கிண்டலாகத் தள்ளக் கூடாது. இன்றைய சண்டைக்கு ஆயுதம் தேடி மட்டும் பழையதைப் படிக்கிறோமோ என்று அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் ஸ்வீட்டே 2022-இல் எழுதினார். எழுந்த எதிர்ப்பில் மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பு வேண்டியிருந்திருக்காது, அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

சிலையை எடுத்தா வரலாறு அழிஞ்சுடாதா?

பிரகடனத்தைப் படித்துக் காட்டிய அன்றே, 1776 ஜூலை 9-இல், நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் இழுத்துத் தள்ளியது. உருக்கித் துப்பாக்கிக் குண்டாக்கினார்கள். அந்த மன்னரை யாரும் மறந்துவிடவில்லை.

பாஸ்டன்ல கடல்ல கொட்டினது நம்ம அஸ்ஸாம் டீ தானே?

இல்லை. 1773-இல் ஆங்கிலேய வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டியது கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான், ஆனால் அத்தனையும் சீனத் தேயிலை. 1773-இல் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டமே கிடையாது, அது 1830-களில் வந்தது. இந்தியத் தொடர்பு வேறு விதம். வங்கத்தில் 1770-இல் வந்த பஞ்சத்தில் கம்பெனியின் பேராசையால் லட்சக்கணக்கானோர் செத்தார்கள், அடுத்து நம் மீது கண் வைத்திருக்கிறார்கள் என்று பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன் அந்த நேரத்தில் புனைபெயரில் எழுதினார்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, இல்ல நாமதான் இழுத்துக் கட்டறோமா?

இழுக்க வேண்டியதே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1718-இல் அவர் அனுப்பிய பொதிகளில் கலிக்கோ, மஸ்லின் எல்லாம் இருந்தன. அவற்றை விற்ற பணத்துக்குத்தான் கல்லூரிக்கு அவர் பெயர். சென்னையிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்குப் போகும் கப்பல்கள் அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற 1687 உத்தரவு, கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளில் இருக்கிறது. கழுத்தில் உலோக வளையம் பூட்டிய கறுப்புச் சிறுவன் ஒருவன் யேலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஓவியம், பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் அதில் பிரபுக்கள் யார் யார் என்றுதான் பார்த்தார்கள். 2020-க்குப் பிறகு அந்தச் சிறுவனைப் பற்றித் தனி ஆய்வே நடந்தது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

1635-ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் நிலப் பதிவில் ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. எந்த ஊர் என்று பதிவில் இல்லை. அவரைத் தமிழர் என்று அடித்துச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம். போர்க் காலத்தில் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலியின் பெயர் வைத்திருந்தார்கள். ஆங்கிலேயனை அடிக்கிறவன் எங்கிருந்தாலும் நண்பன் என்ற கணக்கு. அமெரிக்கப் போரில் பிரான்ஸ் இறங்கியதால் எழுந்த சண்டைகளில் கடைசியானது நம் கடலூர்க் கடலில், 1783 ஜூன் 20-இல் நடந்தது. ஐரோப்பாவில் சமாதான உடன்பாடு ஜனவரியிலேயே ஆகிவிட்டது, சேதி வந்து சேரவில்லை.

இப்ப எல்லாம் நெட்லயே இருக்கே சித்தப்பா, நானே படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாதா?

தாராளமாக. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன் முதலானோரின் 1,80,000-க்கும் மேற்பட்ட கடிதங்களும் ஆவணங்களும் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் 2013 முதல் இலவசம். முகநூலில் ஜெஃபர்சன் சொன்னதாக ஏதாவது வந்தால் அங்கே தேடிப் பாருங்கள், பாதிக்குமேல் கிடைக்காது. போலி மேற்கோள்களுக்கென்றே மான்டிசெல்லோ தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது.

தேடுபெட்டி ஒரு வகையில் ஏமாற்றும். நீங்கள் தட்டிய சொல் வரும் வரி மட்டும் வரும், அதற்கு முந்தின கடிதம் எதற்குப் பதில் என்பது வராது. மேலும், இணையத்தில் ஏறியவை பெரும்பாலும் பெரிய மனிதர்களின் காகிதங்கள். மாவட்ட நீதிமன்றங்களின் வழக்குக் கட்டுகள் பல இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

வரலாற்றாசிரியரே பொய் சொன்னா யார் கண்டுபிடிப்பாங்க?

சக வரலாற்றாசிரியர்தான். மைக்கேல் பெல்லஸைல்ஸ் என்பவர், தொடக்ககால அமெரிக்காவில் துப்பாக்கி மிகக் குறைவு என்று 2000-இல் எழுதினார். இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களை ஆயிரக்கணக்கில் எண்ணியதாகச் சொன்னார். இந்தத் துறையின் பெரிய கௌரவமான பான்கிராஃப்ட் பரிசு கிடைத்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விரும்புகிறவர்களுக்கு இனித்தது. அவர் எண்ணியதை மற்றவர்கள் திரும்ப எண்ணத் தொடங்கினார்கள். எண்ணிக்கை ஒத்துவரவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் பார்த்ததாகச் சொன்ன பதிவுகள் 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோனவை. 2002-இல் பல்கலைக்கழக வேலையை விட்டார், டிசம்பரில் பரிசையும் திரும்பப் பெற்றார்கள். அவர் முடிவை விரும்பியவர்களும் சேர்ந்துதான் அவரைப் பிடித்தார்கள். ஆகவே புதுக் கருத்து எதைக் கேட்டாலும், அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்பதற்கு முன்னால் அடிக்குறிப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

சரி, நேர்ல போய்ப் பார்க்கணும்னா ஜேம்ஸ்டவுன்ல எங்க போகணும்? மேப்ல ரெண்டு காட்டுதே?

இரண்டும் வேறு. ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்’ மாநில அரசின் அருங்காட்சியகம். அங்கே மாதிரிக் கப்பல், மாதிரிக் கோட்டை எல்லாம் இருக்கும், சிறு பிள்ளைகளுக்கு நல்லது. ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’ உண்மையான இடம். தோண்டும் வேலை இன்னும் நடக்கிறது, தோண்டுகிறவர்களிடமே பேசலாம். மேலே சொன்ன 14 வயதுப் பெண்ணின் மண்டையோடு அங்குள்ள அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். ஆற்று நீர்மட்டம் ஏறிவருவதால், நாட்டில் ஆபத்திலிருக்கும் 11 வரலாற்று இடங்களில் ஒன்றாக 2022-இல் இதைச் சேர்த்தார்கள். பெருமழைக்கு மறுநாள் போகாதீர்கள், நடைபாதை சதசதவென்று இருக்கும்.